பாயசம் சாப்பிட்ட பம்பாய்க்காரர்

என் வெற்றிகளை நானே எழுதி, நானே படித்து, நானே மெச்சிக்கொள்வது வழக்கம். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வராததால் எனக்கு இதில் போட்டி கிடையாது. இந்த ஒரு வழக்கை மட்டும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். சூசை சம்மதிக்கவில்லை. நான் எழுதாவிட்டால் தானே ஊரெல்லாம் சொல்லப்போவதாக மிரட்டினான். அவன் சொன்னால் இதைவிடக் கேவலமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் என் ஆபீஸ். 'துப்பறியும் நிபுணர் ஆவுடையப்பன்' என்று பெரிய போர்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். படித்துவிட்டுக் காற்றடித்துக்கொண்டு போய்விடுவார்கள். என் உதவியாளன் சூசை போலீசில் கான்ஸ்டபிளாக இருந்தவன். இன்ஸ்பெக்டரிடம் வாய்த்துடுக்காகப் பேசி வேலையை இழந்தான். அந்த வாய்க்கு இப்போது என்னிடம் முழுநேர உத்தியோகம்.

அன்று காலை நான் கால்களை மேஜைமேல் போட்டுக்கொண்டு என் பூட்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக அது என்னைக் கடித்துக்கொண்டிருந்தது. வழக்குக்கு வழக்கு அலைந்ததில் என் பாதங்கள் வளர்ந்துவிட்டன என்று சூசையிடம் விளக்கினேன்.

"கால் இப்பத்தான் வளருது, அண்ணாச்சி. தலை எப்பவோ வளந்துட்டு," என்றான் சூசை.

தகுந்த பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். நடுத்தர வயது, வெள்ளைப் புடவை, கையில் துணிப் பொட்டலம். பெயர் தேவகிருபை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருக்கும் வேதசிரோமணியின் மனைவி. உட்காரச் சொன்னேன். உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள்.

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள வருமான வரி பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கும் கொஞ்சம்தான் தெரியும். யுத்தம் வந்தபின் மில்களுக்கு நல்ல லாபம். அந்த லாபத்தில் பெரும்பங்கைச் சர்க்கார் வரியாக வாங்கிக்கொண்டது. ஆனால் வியாபாரத்துக்காகச் செய்த செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் லாபம் என்பார்கள். ஆகவே முதலாளிமார்கள் எல்லோருக்கும் திடீரென்று விருந்தோம்பும் குணம் பொங்கி வழிந்தது. மச்சினனுக்குப் போட்ட பிரியாணி வியாபார விருந்து, மாமியாருக்கு வாங்கின இளநீர் வியாபார உபசாரம். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, இன்கம்டாக்ஸ் ஆபீசர்கள் 'விருந்து' என்ற வார்த்தையைக் கண்டாலே சிவப்பு மையைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

தேவகிருபையின் கணவர் மாட்டிக்கொண்டது இப்படி. போன வருஷம் பம்பாயிலிருந்து ஒரு நூல் வியாபாரி மில்லைப் பார்க்க வருவதாகத் தகவல். முதலாளி சென்னை போயிருந்தார். வேதசிரோமணிதான் விருந்தாளியை வரவேற்று, மில் செலவில் பெரிய விருந்து போட்டார். ஆர்டர் வரவில்லை; நூல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஆபீசர் பம்பாய்க் கம்பெனிக்கே எழுதிக் கேட்டுவிட்டார். எங்கள் ஆள் மதுரையில் காய்ச்சலில் படுத்து, ராஜபாளையம் வராமலே திரும்பிவிட்டார் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் அந்த விருந்தைத் தின்றது யார்?

அதைவிடக் கெட்ட நேரம், விருந்துக்கு மறுநாள்தான் வேதசிரோமணியின் மகளுக்குக் கலியாணம். மில் சாமானில் குமாஸ்தா தன் வீட்டுக் கலியாணத்தை முடித்துக்கொண்டார் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். ஆபீசர் ஸ்ரீவில்லிபுத்தூர் டிராவலர்ஸ் பங்களாவில் முகாம். அன்று சாயங்காலம் கடைசி விசாரணை. அதற்குள் விருந்தாளி வராவிட்டால் வேதசிரோமணிக்கு வேலை போவதோடு போலீசிலும் எழுதிக் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"அவியளுக்குப் பொய் சொல்லத் தெரியாதுய்யா," என்றாள் தேவகிருபை. "சொன்னாலும் மூஞ்சியில தெரிஞ்சிரும். நாலு நாளா சாப்பாடு இறங்கல அவியளுக்கு. அந்த விருந்தாளிய எப்பிடியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். ஒரு ஜோடி பழைய பூட்ஸ். விருந்தாளி கிளம்பிய அவசரத்தில் இதை விட்டுவிட்டு, மகள் கலியாணத்துக்கென்று வாங்கி, விருந்தாளிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று வேதசிரோமணி அன்றே போட்டுப்போயிருந்த புத்தம்புதுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். வேதசிரோமணி வேறு வழியில்லாமல் இந்தப் பழசுக்குச் சாயம் பூசி, புதுக் கயிறு கோத்து, அதோடு சர்ச்சுக்குப் போய் மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். அடுத்தவர் பொருள் என்று பிறகு தொடவில்லை. விருந்தாளி திரும்பி வந்தால் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். வெறுங்காலோடுதான் மில்லுக்குப் போய் வருகிறார்.

எனக்கு அந்த மனுஷன்மேல் உடனே பிரியம் உண்டாயிற்று. திருடிக்கொண்டு போனவன்மேல் உடனே ஆத்திரமும் உண்டாயிற்று.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பூட்ஸின் உள்ளே குதிகால் பக்கம் தடித்த தோலில் ஒரு ஒட்டு இருந்தது. "அந்நிய தேசத்துத் தோல்," என்றேன். சூசை குனிந்து பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் மீசை லேசாக ஆடியது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

துப்பு உருவாகிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கையமர்த்தினேன். அளவு பார்ப்பதற்காகப் பூட்ஸை என் காலில் போட்டுப் பார்த்தேன். அடடா, என்ன சுகம். வருஷக்கணக்கில் பழகிய பூட்ஸ்போல் அணைத்துக்கொண்டது. "குற்றவாளி என் உயரம், என் எடை. நல்ல தேகக்கட்டு உள்ளவன்," என்று அறிவித்தேன்.

"தொப்பைய விட்டுட்டீகளே," என்றான் சூசை.

அந்தப் பூட்ஸையே போட்டுக்கொண்டு புறப்பட்டேன். சாட்சியப் பொருளைப் பத்திரமாக எடுத்துச்செல்ல அதைவிட நல்ல வழி இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மில்லுக்குள் மாறுவேஷத்தில்தான் போவது என்று தீர்மானித்தேன். என்னைப் போன்ற பிரபலஸ்தன் சொந்த முகத்தோடு போனால் குற்றவாளி உஷாராகிவிடுவான் அல்லவா? ஊருக்கு வந்திருந்த நாடகக் கம்பெனியில் விசுவாமித்திரர் தாடியை இரவல் வாங்கி, மைதா பசை காய்ச்சி முகத்தில் ஒட்டிக்கொண்டு நெய் வியாபாரியானேன். சூசை நெய்ச்சட்டி தூக்கினான். விசுவாமித்திரருக்கு நெய் வியாபாரம் எப்போதிலிருந்து என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்த கரி பஸ்தான் ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மம்சாபுரம் விலக்கில் அது நின்றுவிட, நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வேர்வையில் பசை இளகி, தாடி ஒரு பக்கம் தொங்கியது. ஒரு கையால் பஸ்ஸையும் மறு கையால் தாடியையும் பிடித்துக்கொண்டு தள்ளினேன்.

ராஜபாளையம் ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் என் மனசு குளிர்ந்தது. சூசையிடம் அந்தப் பழைய கதையை மறுபடி தொடங்கினேன். போன வருஷம் சித்திரையில் சிவகாசிப் பக்கம் காணாமற்போன ஒரு காளையைத் தேடப் போயிருந்தேன். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அது தானாக வீடு திரும்பிவிட்டது. ரயிலில் வரும்போது தூங்கிப்போய், நம் ஊரைத் தாண்டி, ராஜபாளையத்தில் விழித்து இறங்கினேன். கால் தரையில் பாவுமுன் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. ஊர்க்காரர்கள் என்னைக் காரில் ஏற்றி உபசாரம் செய்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் வன்னியம்பட்டி எருமைத் திருட்டை நான் கண்டுபிடித்த விஷயம் பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. அந்தத் துண்டு எப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கும்.

"அந்த உபசாரம் எங்க நடந்துச்சு, அண்ணாச்சி?"

"ஒரு மாந்தோப்பு பங்களாவில்."

"யாரு தோப்புன்னு கேட்டீகளா?"

பாராட்டுகிறவர்களிடம் நீங்கள் யார் என்று கேட்பது அநாகரிகம் என்றேன். சூசை நெய்ச்சட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மில்லின் சமையல்கட்டில் சிவனாண்டி என்ற சமையல்காரர் இருந்தார். விருந்தன்று சமைத்தவரும் பரிமாறியவரும் அவரே. நெய்யை விட்டுவிட்டுப் பேச்சை மெல்ல விருந்தின் பக்கம் திருப்பினேன். திருப்ப வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மனுஷன் ஒரு வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பம்பாய்க்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாததால் தெரிந்ததை எல்லாம் சமைத்தார்களாம். சப்பாத்தி ஒரு பக்கம், வடை பாயசம் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். ஏதாவது ஒன்றையாவது தொடுவார் என்ற நம்பிக்கை. அவர் எதையும் விடவில்லை.

"பாயாசத்துக்கு மோர்மொளகா கேட்டு வாங்கிக் கடிச்சாவ," என்றார் சிவனாண்டி. "எங்க ஆயுசுல அப்பிடி ஒரு மனுசனப் பாத்ததில்ல."

நான் கண்களைச் சுருக்கினேன். பாயசத்தோடு மோர்மிளகாய் சாப்பிடும் ரசனை எனக்குத் தெரிந்து இந்தத் தென்சீமையில் என் ஒருவனுக்குத்தான் உண்டு. ஆகவே அது வடநாட்டுப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே வந்தவன் வடநாடு போய்ப் பழகியவன். இதை சூசையின் காதில் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவர் பெயரை ஏன் யாரும் கேட்கவில்லை என்று விசாரித்தேன்.

"எப்பிடிக் கேப்பாக? எங்க முதலாளி வீட்டு வழக்கம் அப்பிடி. வந்தவக இலையில கை நனைக்க முந்தி பேரும் ஊரும் கேக்கப்படாது. கேட்டா, நீ யாருன்னு தெரிஞ்சாத்தான் சோறு போடுவேன்னு சொன்ன மாதிரி ஆயிருமே. வியாபாரப் பேச்சும் அப்பிடித்தான், சாப்பாட்டுக்குப் பொறவுதான்."

"சாப்பிட்ட பிறகு கேட்டிருக்கலாமே?"

"எங்க கேக்க? சாப்பிட்ட கையோட தூங்கிட்டாவ. அந்தக் கொறட்டைக்குத் தோப்புல மாங்கா பறிச்சிக்கிட்டிருந்தவன் மரத்த விட்டு இறங்கிட்டான். ரயிலு ஊதுற சத்தம் கேட்டு முழிச்சாவ. எழுந்து ஒரே ஓட்டம்."

தோப்பு என்றதும் எனக்குள் ஏதோ லேசாகப் புரண்டது. என் விருந்தும் தோப்பில்தான் நடந்தது. ஆனால் ராஜபாளையத்தில் தோப்புக்கா பஞ்சம்? புரண்டதைத் திரும்பப் படுக்க வைத்தேன்.

வழக்கு முடிந்துவிட்டது. ஒரு பலே எத்தன், பம்பாய் வியாபாரி வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அவன் இடத்தில் வந்து தின்றுவிட்டு, பூட்ஸையும் திருடிக்கொண்டு ஓடியிருக்கிறான். இதை முதலாளியிடம் சொல்லிவிட வேண்டியதுதான். நெய்க்காரனை வாட்ச்மேன் முதலாளியின் அறைக்குள் விடவில்லை. 'இன்கம்டாக்ஸ் விசயம்' என்று சூசை சொன்னதும் கதவு தானாகத் திறந்தது.

முதலாளி சஞ்சீவிராஜா பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலிந்து வெளுத்த ஒருவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் வேதசிரோமணி. சிவனாண்டி மோர் டம்ளர்களோடு வாசலில் வந்து நின்றார். இவ்வளவு நல்ல சபை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

குமாஸ்தா நிரபராதி என்று தொடங்கினேன். விருந்து நடந்தது உண்மை, விருந்தாளி வந்ததும் உண்மை. ஆனால் வந்தவன் பம்பாய்க்காரன் அல்ல. அவனுடைய அங்க அடையாளங்களை என் அறிவால் கண்டுபிடித்துவிட்டேன். தின்னிப் பண்டாரம். தூங்குமூஞ்சி. யார் வீட்டுச் சோறு என்று கேட்காமல் தின்கிற சூடு சொரணை இல்லாத ஜென்மம். ஏழைக் குமாஸ்தாவின் கலியாணப் பூட்ஸைக்கூட விட்டுவைக்காத அற்பன்.

"அந்தப் பயலை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன்," என்று கர்ஜித்தேன். "சொல்வது யார் தெரியுமா?"

தாடியை ஒரே இழுப்பில் பிய்த்தேன். கன்னத்துத் தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வேதசிரோமணி மேஜையைப் பிடித்துக்கொண்டார். சிவனாண்டி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா, பாயாசம் இன்னைக்கு வைக்கலையே. மோர்மொளகாதான் இருக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மற்றவர்களுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

"காலையில இருந்து சொல்லணும்னுதான் பாக்கேன், அண்ணாச்சி," என்றான் சூசை. "அந்த அந்நிய தேசத்துத் தோலு என் போலீஸ் பெல்ட்டு. நாந்தான் வெட்டி ஒட்டுனேன். கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான். அதுக்குன்னு நெய்ச்சட்டியவே தூக்கவச்சிட்டீக பாருங்க."

காலைக் குனிந்து பார்த்தேன். சுகமாக இருந்தது. அன்று விழித்து எழுந்தபோது வாசலில் கிடந்த பூட்ஸ் பளபளவென்று மின்னியதும், ராஜபாளையத்தார் என் பழைய பூட்ஸைக்கூடத் துடைத்துப் புதிதாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நான் நெகிழ்ந்துபோனதும், இலையைத் தவிர யார் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்க்காததும் ஞாபகம் வந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் ஆட்சேபித்திருக்க மாட்டேன்.

சஞ்சீவிராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏமய்யா இது," என்று வேதசிரோமணியைத் தெலுங்கு கலந்து கேட்டார். குமாஸ்தா திருடவில்லை என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக மனம் கலங்கி அவர் கையையும் பிடித்துக்கொண்டார். ஆனால் ஆபீசர் கேட்பாரே? பம்பாய்க்காரர் வந்ததாகக் கணக்கில் எழுதி வரிக் கழிவு கேட்டாகிவிட்டது. வந்தவர் இந்த ஆள். பொய்க் கணக்கு என்று அபராதம் போட்டால், மற்றப் பங்குதாரர்கள் குமாஸ்தாவை விட்டுவைக்க மாட்டார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

சமையல்கட்டு வழியாக நழுவிவிடலாம் என்று சூசை கண்ணால் காட்டினான். நழுவியிருக்கலாம். நான் போய்ச் சொல்லாவிட்டால் இந்தக் கதை அந்த நாலு சுவருக்குள் முடிந்துவிடும். என் போர்டும் பத்திரமாக இருக்கும். வேதசிரோமணியின் கால்களைப் பார்த்தேன். வெடித்துப்போயிருந்தன. அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஆபீசரிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். முதலாளியின் காரிலேயே எல்லோரும் புறப்பட்டோம். வழியில் என் ஆபீஸில் நிறுத்தி, கடிக்கும் பூட்ஸை எடுத்துக்கொண்டேன்.

டிராவலர்ஸ் பங்களாவில் ஆபீசர் ஒரு கிண்ணம் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றுப் புண்ணாம், டாக்டர் வேறு எதையும் அனுமதிக்கவில்லையாம். கஞ்சி குடிக்கிறவரிடம் விருந்துச் செலவுக்கு நியாயம் கேட்கப் போயிருக்கிறோம்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சாமான்களின் விவரத்தைப் பார்த்து, ஒரு ஆள் இவ்வளவையும் தின்றிருக்க முடியாது என்று ஆரம்பித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கைவிட்டார்.

"நீங்கள் நூல் வியாபாரியா?"

"இல்லை."

"நூல் வாங்கும் உத்தேசமாவது இருந்ததா?"

"பொத்தான் தைக்க ஒரு உருண்டை வாங்க நினைத்ததுண்டு. வாங்கவில்லை."

ஆபீசர் முதலாளியின் பக்கம் திரும்பினார். ஆர்டர் கிடைத்ததா என்பது தமக்கு முக்கியமில்லை என்றார். வலை வீசி மீன் விழாவிட்டாலும் வலை வாங்கின செலவு செலவுதான். எந்த எண்ணத்தில் இலை போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. செலவு வியாபாரத்துக்காக இருக்க வேண்டும், வியாபாரத்துக்காக மட்டுமே இருக்க வேண்டும். அதில் சொந்தப் பிரியமோ அபிமானமோ கலந்தால் போயிற்று, அது வீட்டுச் செலவு.

வேதசிரோமணியின் முகத்தில் உயிர் வந்தது. அப்போது ஆபீசர் மெதுவாகச் சொன்னார்:

"இவர் பக்கத்து ஊரில் துப்பறியும் நிபுணர் என்று போர்டு போட்டிருக்கிறார். புகழ்பெற்றவர் என்று அவர் வாயாலேயே இப்போது சொன்னார். ஊர் தாண்டித் தூங்கி இறங்கிய ஒருவருக்குத் தயாராக மாலை காத்திருந்தது என்றால், ஒருவேளை நீங்கள் இவரை யாரென்று தெரிந்து, மதிப்பு வைத்துத்தான் அழைத்தீர்களோ?"

என் பேச்சில் 'புகழ்பெற்ற' என்ற சொல் நுழைந்தது எனக்கே தெரியாது. அது பழக்கத்தில் வந்துவிடும். வேதசிரோமணி என்னைப் பார்த்தார். என் புகழ் நிஜமானால் அவர் தொலைந்தார். அவர் பிழைக்க வேண்டுமானால் நான் யாருமே இல்லை என்று நிரூபணமாக வேண்டும்.

எந்த எதிரியின் வாதத்தையும் நான் அவ்வளவு கஷ்டப்பட்டு உடைத்ததில்லை.

"ஐயா, என்னை யாருக்கும் தெரியாது," என்றேன். "ராஜபாளையத்தில் மட்டுமல்ல, என் ஆபீசுக்குக் கீழே காற்றடிக்க வருகிறவர்களுக்கும் தெரியாது."

கோட்டுப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வன்னியம்பட்டியில் எருமை திருட்டுப்போனது, அகப்பட்டது, எருமை சௌக்கியமாக இருக்கிறது. நாலு வரி.

"இதில் உங்கள் பெயர் இல்லையே."

"இல்லை," என்றேன். "எருமையைப் பற்றித்தான் இருக்கிறது."

சூசை அதுவரை அந்தத் துண்டைப் படித்ததில்லை. நான் படித்துக் காட்டித்தான் கேட்டிருக்கிறான். படித்துக் காட்டும்போது என் பெயரைச் சேர்த்துக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் அவன் எதையும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகவே அவனுடைய மற்ற நாள் பேச்சையெல்லாம் நான் எப்போதும் மன்னித்துக்கொண்டே இருப்பேன்.

ஆபீசர் கடைசியாக முதலாளியைக் கேட்டார்: "இவர் நூல் வியாபாரி அல்ல, துப்பறியும் ஆவுடையப்பன் என்று அன்றைக்கே உங்கள் மில்லில் தெரிந்திருந்தால், என்ன கொடுத்திருப்பீர்கள்?"

சஞ்சீவிராஜா நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கீழே பார்த்தார். "மில் கணக்கில் ஒரு டம்ளர் மோர்கூட இல்லைங்க," என்றார்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். இந்த நபருக்காக என்று யாரும் ஒரு சல்லிக்காசு செலவழித்திருக்க மாட்டார்கள் என்பது திருப்திகரமாக நிரூபிக்கப்பட்டது, ஆகவே செலவு முழுவதும் வியாபாரத்துக்காக, வியாபாரத்துக்காக மட்டுமே, கழிவு அனுமதிக்கப்படுகிறது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். அதற்குக் கீழே சாட்சி என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார். சர்க்கார் காகிதத்தில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.

பங்களா வாசலில் வேப்பமரத்தடியில் தேவகிருபை காத்திருந்தாள். நல்ல சேதி கிடைக்கும் என்று நம்பி, கணவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தாள். வேதசிரோமணி அவளிடம் தலையை அசைத்தார். அவ்வளவுதான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் புதுப் பூட்ஸை, அதாவது ஒரு காலத்தில் புதிதாக இருந்த பூட்ஸை, அவர் காலடியில் வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறீர்கள், இப்போது கடிக்காது என்றார்.

தேவகிருபை கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தடியில் இலை போட்டாள். "நீங்களும் உக்காருங்கய்யா. எங்க வீட்டுச் சோறு ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

சூசை கூப்பிடுமுன்பே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் அகோரப் பசி. ஆனாலும் உட்காராமல் நின்றேன்.

"முதலில் நான் யார் என்று கேளுங்கள்," என்றேன்.

வேதசிரோமணி திகைத்தார். சாப்பிடுமுன் எப்படிக் கேட்பது என்று தயங்கினார். கேட்டால்தான் இலையில் உட்காருவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில், அந்த முகாமின் வேப்பமரத்தடியில், ஒரு வருஷம் தாமதமாக, அந்த நல்ல மனுஷர் கேட்டார்.

"ஐயா யாரு? என்ன காரியமா வந்திருக்கீக?"

"ஆவுடையப்பன்," என்றேன். "நூல் வாங்க வரவில்லை. பசிக்கிறது."